படகின் பெயரைச் சொல்லாதவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஏஜியன் கடலில் ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்ற ஆசைப்படுகிறோம். நான், கணவர், 13 வயது மகன், 66 வயது மாமியார், லண்டனிலிருந்து வரும் நாத்தனாரும் அவர் கணவரும் என ஆறு பேர். துருக்கியின் போட்ரும் ஊரில் ஏறி, கோஸ், மைகோனோஸ், சான்டோரினி பார்த்துவிட்டு போட்ருமுக்கே திரும்பலாம் என்று ஏஜென்ட் திட்டம் தந்திருக்கிறார். துருக்கி இ-விசா மட்டும் போதுமாம், கிரேக்கத் தீவுகளில் இறங்கும் இடத்திலேயே விசா கிடைக்குமாம். கணவர் இரண்டு நாள் பாய்மரப் பயிற்சி முடித்தவர் என்பதால் தனியாகப் படகோட்டி தேவையில்லை என்கிறார். இந்த வாரத்துக்குள் ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? மாமியாருக்குக் கார் பயணத்திலேயே வாந்தி வரும். (வாசகி, கோவை)

பதில்: கட்டாதீர்கள். அந்த ஒன்றரை லட்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். ஆசை நல்ல ஆசை, விடுமுறையும் சரியான நேரத்தில்தான் வருகிறது. தவறு அந்தத் திட்டத்தில் இருக்கிறது.

வரைபடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். போட்ருமிலிருந்து மைகோனோஸ் சுமார் 100 கடல் மைல். அங்கிருந்து சான்டோரினி 60 கடல் மைலுக்கு மேல். திரும்பி போட்ரும் வர இன்னொரு 100. மொத்தம் 260 கடல் மைலுக்குக் குறையாது. ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோமீட்டர், வாடகைக்குக் கிடைக்கும் பாய்மரப் படகு மணிக்கு ஐந்தாறு கடல் மைல்தான் போகும். அதுவும் நினைத்த திசையில் நேராகப் போனால். ஏஜியனில் கோடை முழுக்க வடக்கிலிருந்து காற்று அடிக்கும், மெல்டெமி என்பார்கள். நம் தூத்துக்குடிக் கடலோடிகள் வடக்குக் காற்றை வாடை என்பார்கள் அல்லவா, அதேபோல. ஆனால் இது மழையோடும் மேகத்தோடும் வராது. வானம் பளிச்சென்று இருக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாய் நுரைக்கும். கரையில் நிற்பவருக்கு ‘என்ன அருமையான நாள்’ என்று தோன்றும். மைகோனோஸ், டினோஸ் பக்கம் இது மூன்று நான்கு நாள் ஓயாமல் அடிக்கும். பாய்மரப் படகு காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது, இடதும் வலதுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். போட்ருமிலிருந்து மைகோனோஸ் போவது ஏறக்குறைய காற்றின் முகத்துக்கே போவதுதான். 100 மைல் 150 ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வாரம் என்று விற்பது உண்மையில் ஒரு வாரமே கிடையாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில் படகைக் கையில் கொடுப்பார்கள். வெள்ளி மாலைக்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும், சனி காலை ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். கடலில் இருப்பது ஆறு பகல். சான்டோரினியில் பாய்மரப் படகை ஒழுங்காக நிறுத்த இடமும் இல்லை. அந்தத் தீவே ஒரு எரிமலை வாய், கரையை ஒட்டியே கிடுகிடு ஆழம், நங்கூரம் பிடிக்காது. தெற்கே இருக்கும் சின்னத் துறையில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். சான்டோரினியை ஆசைக்குப் பார்க்க வேண்டுமென்றால் ஏதென்ஸிலிருந்து விமானத்தில் போய் வாருங்கள்.

அடுத்து விசா. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ‘தீவில் இறங்கியதும் விசா’ என்பது பாதி உண்மை, அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். 2024-இல் கிரேக்கம் அப்படி ஒரு ஏற்பாட்டை நிஜமாகவே தொடங்கியது. கோஸ், ரோட்ஸ், சாமோஸ், கியோஸ், லெஸ்போஸ் போன்ற துருக்கிக் கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளுக்கு ஏழு நாள் விசா. ஆனால் அது துருக்கிக் குடிமக்களுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும். இந்திய பாஸ்போர்ட்டை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். மைகோனோஸும் சான்டோரினியும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. உங்களுக்கு வேண்டியது முன்கூட்டியே எடுத்த ஷெங்கன் விசா, அதாவது கிரேக்கம் உட்பட ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான விசா, வேறு வழி கிடையாது.

துருக்கி இ-விசாவும் இந்தியர்களுக்குச் சும்மா கிடைப்பதில்லை. செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்து விசாவோ, அங்கே வசிப்பதற்கான அனுமதியோ கையில் இருந்தால்தான். அப்படிக் கிடைப்பதும் ஒருமுறை நுழைவு, 30 நாள். போட்ருமில் நுழைந்து, கோஸுக்கு வெளியேறி, மறுபடி போட்ருமுக்கு வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஆக, ஏஜென்ட் சொன்ன திட்டம் கோஸ் துறைமுகத்திலேயே உடைகிறது. அங்கே தப்பித்தாலும் போட்ருமில் உடைகிறது.

உங்கள் நாத்தனார் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லண்டன் உறவினர்கள் சேரும் எல்லாக் குடும்பத்திலும் இந்தக் குழப்பம் வருகிறது. அவர் கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டா, இந்திய பாஸ்போர்ட்டா? பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் கிரேக்கத்துக்கு விசாவே வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். இந்திய பாஸ்போர்ட் என்றால், பிரிட்டனில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற்று இருபது வருடம் வாழ்ந்திருந்தாலும் கிரேக்கத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். ‘நான் யூகே ரெசிடென்ட், எனக்கு ஐரோப்பா முழுக்க ஃப்ரீ’ என்று நம்பி வந்த ஒரு அக்காவை விமான நிலைய கவுன்டரிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். பிரெக்சிட்டால் வந்த மாற்றமும் அல்ல இது, பிரிட்டன் ஒருபோதும் ஷெங்கனில் இருந்ததில்லை. இன்னொன்று, அவர் விண்ணப்பிக்க வேண்டியது லண்டனில். உங்கள் நான்கு பேரின் கட்டோடு சேர்த்து அவர் பாஸ்போர்ட்டையும் இங்கே கொடுத்தால் வாங்க மாட்டார்கள். கணவன் பிரிட்டிஷ், மனைவி இந்தியர் என்று ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட் இருப்பதும் சகஜம். இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்டு, முதல் பக்கத்தைப் போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஒரு நாடு, ஒரு விசா. ஏதென்ஸ் நகரத்தின் அலிமோஸ் படகுத்துறையில் ஏறி, சரோனிக் வளைகுடாவைச் சுற்றி, அங்கேயே இறங்குங்கள். ஏகினா, போரோஸ், ஹைட்ரா, நாளும் காற்றும் ஒத்துழைத்தால் ஸ்பெட்ஸஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூன்று மணி நேரம்தான். நிலப்பரப்பு மறைப்பதால் மெல்டெமியின் வேகமும் இங்கே பெரும்பாலும் குறைவு. செப்டம்பர் கடைசியில் அதுவும் அடங்கத் தொடங்கிவிடும், கடல் நீர் மட்டும் கோடை முழுக்கச் சுட்ட சூட்டை வைத்திருக்கும். ஏகினாவில் பிஸ்தா வாங்குங்கள், கிரேக்கத்தில் அந்தத் தீவு அதற்குத்தான் பெயர் போனது. மேலே மலையில் அஃபாயா கோயில், 2,500 வருடம் பழையது. ஹைட்ராவில் கார் கிடையாது, பெட்டியைக் கழுதைதான் சுமக்கும். எதிர்க்கரையில் எபிடாரஸ் கல் அரங்கமும் போய்வரக்கூடிய தூரம்தான்.

மாமியாருக்கும் இதுதான் தோது. இந்தத் தீவுகளிலிருந்தெல்லாம் தினமும் பிரேயஸ் துறைமுகத்துக்கு ஃபெர்ரி உண்டு. முடியவில்லை என்றால் யாராவது ஒருவர் அவரோடு இறங்கி ஏதென்ஸ் ஹோட்டலுக்குப் போய்விடலாம், மற்றவர்கள் பயணம் கெடாது. மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர் என்றால் எந்த மாத்திரை என்பதை அவருடைய டாக்டரே சொல்லட்டும். படகு ஓடும்போது கீழே அறையில் படுக்க விடாதீர்கள். பின்பக்கம் திறந்த இடத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைப் பார்க்கக் கூடாது, பையனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படகோட்டி வேண்டாம் என்ற பேச்சை இதோடு விடுங்கள். ஸ்கிப்பர் இல்லாமல் படகை வாடகைக்கு எடுக்க கிரேக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் ஒருவரிடம் இருக்க வேண்டும், துணைக்கு அனுபவமுள்ள இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் பயிற்சிக்குக் கொடுக்கும் தாள் அதில் சேராது. ‘ஆன்லைனில் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்’ என்று அதே ஏஜென்ட் அடுத்து வருவார், பாருங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

சட்டம் கிடக்கட்டும், ஹைட்ரா துறைமுகத்தின் காலை ஒன்பது மணியை நினைத்துப் பாருங்கள். கையகலத் துறை. எல்லாப் படகும் முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்புறத்தைக் கரையில் கட்டியிருக்கும், நேற்று மாலை கடைசியில் வந்தவர் உங்கள் சங்கிலி மேலேயே தன் நங்கூரத்தைப் போட்டிருப்பார். நீங்கள் இழுக்க இழுக்க, உங்கள் நங்கூரத்தோடு அவருடைய சங்கிலியும் சேறும் பாசியுமாக மேலே வரும். அவர் தன் படகில் நின்று கத்துவார். அந்த நேரத்தில் முன்முனையில் குப்புறப் படுத்து, அந்நியச் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்துக் கட்டி, நம் நங்கூரத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுவித்து, பிறகு கயிற்றை உருவிவிட வேண்டும். பக்கத்துப் படகில் மோதாமல் இதையெல்லாம் செய்ய வேண்டும். இதை உங்கள் கணவர் விடுமுறையில் கற்றுக்கொள்ள வேண்டாம். ஸ்கிப்பருக்கு நாளுக்கு 200 யூரோவை ஒட்டி ஆகும், சாப்பாடு நம் பொறுப்பு, படுக்க ஒரு அறையும் தர வேண்டும்.

அறைக் கணக்கில்தான் அடுத்த ஏமாற்று. ‘எட்டுப் பேர் படுக்கலாம்’ என்பார்கள். அதில் இரண்டு பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றியுள்ள சோபாவில். நீங்கள் இரண்டு ஜோடி, பாட்டியும் பேரனும் ஒரு அறை, ஸ்கிப்பருக்கு ஒன்று. நான்கு அறை வேண்டும். எத்தனை படுக்கை என்று கேட்காதீர்கள், கதவு வைத்த அறை எத்தனை என்று கேளுங்கள்.

இப்போது பணம். உங்கள் ஏஜென்டிடம் படகு கிடையாது. அவர் மும்பையில் ஒருவரிடம் கேட்பார், அவர் ஐரோப்பாவில் ஒரு தரகரிடம் கேட்பார், அவர் படகுக் கம்பெனியிடம் கேட்பார். ஒவ்வொரு கையும் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசித் தரகருக்குக் கமிஷனைக் கொடுப்பது படகுக் கம்பெனி, பயணி அல்ல. நேரடியாக அவரிடம் போனாலும் உங்களுக்கு விலை கூடாது. ஒப்பந்தத்தில் படகின் பெயர், பதிவு எண், கட்டிய வருடம், டெபாசிட் தொகை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமாகப் பாதி முன்பணம், மீதி பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு. யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ‘இந்த வாரம் விட்டால் படகு போய்விடும்’ என்பது செப்டம்பர் கடைசி வாரத்துக்குப் பொருந்தாத மிரட்டல். அங்கே நெரிசல் ஜூலை, ஆகஸ்டில்.

ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் என்பது சட்டத்தில் உள்ள குறைந்தபட்சம், அதை நம்பாதீர்கள், ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். விசா மையத்தின் பட்டியலில் ‘ஒவ்வொரு இரவுக்கும் ஹோட்டல் முன்பதிவு’ என்று ஒரு கட்டம் இருக்கும். படகுக்குக் கட்டம் கிடையாது. மனிதர்கள் படகில் தூங்குவார்கள் என்று அந்தப் படிவத்தை எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. அதற்காகப் பொய் ஹோட்டல் புக்கிங் போட்டுத் தருவதாக ஏஜென்ட் சொல்வார், வேண்டவே வேண்டாம், பிடிபட்டால் அந்த நிராகரிப்பு உங்கள் விசாப் பதிவில் ஏறிவிடும். எல்லோர் பெயரும் உள்ள படகு ஒப்பந்தம், ஏதென்ஸில் முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் உண்மையான ஹோட்டல், நாள்வாரியாக எங்கே இருப்பீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம். இதோடு கொடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடும் கட்டாயம். அதில் பாய்மரப் படகுப் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள்.

கடைசியாக டெபாசிட். படகைத் தரும்போது கிரெடிட் கார்டில் சில ஆயிரம் யூரோவை முடக்கி வைப்பார்கள். உங்கள் கார்டின் வெளிநாட்டு வரம்பு அதற்குப் போதுமா என்று இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் ஓட்டிய ஒரு படகில், முந்தின வாரத்தவர் ஏற்படுத்திய கீறலைச் சனிக்கிழமை நெரிசலில் போட்டோ எடுக்க மறந்தேன். அடுத்த வாரம் அந்தக் குடும்பத்துக்கு 600 யூரோ போயிற்று, நான் நெளிந்துகொண்டு நின்றேன். ஏறியதும் பையனிடம் போனைக் கொடுத்து, வெளிப்புறம், சின்னத் துணைப்படகு, அதன் மோட்டார் என்று எல்லாவற்றையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை படகை ஒப்புக்கொண்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏஜென்ட் மறுபடி போன் செய்தால் படகின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.