எலக்ட்ரிக் காரில் டிஸ்ப்ளே பக்கமிருந்து விதவிதமான சத்தம் வருகிறது. சர்வீஸ் சென்டரில் டிஸ்ப்ளேயையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் மூன்று சத்தங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த ஏறுகிற ஒரு ரீங்காரம், அது மியூட் செய்தாலும் போகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குள் ‘டக் டக் டக்’. அப்புறம், வண்டியைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் முன்பக்கம் ஏதோ ஓடுகிற சத்தம். இந்த மூன்றும் ஒரே பொருளிலிருந்து வருவது அபூர்வம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலையுயர்ந்த பாகத்தை மாற்றச் சொன்னால், யாரும் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் கோவையில் கார் ஆடியோவும் ஒயரிங்கும் பார்க்கிறேன். இப்படிப்பட்ட புகார்களோடு எலக்ட்ரிக் வண்டிகள் இப்போது நிறைய வருகின்றன. இன்ஜின் சத்தம் இல்லாததால், பெட்ரோல் வண்டியில் காதிலேயே விழாத சின்னச் சின்ன ஒலிகூட இதில் தனியாகக் கேட்கும்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: சத்தம் ஸ்பீக்கர் வழியாக வருகிறதா, இல்லையா? மியூட் செய்து பார்ப்பது மட்டும் இதற்குப் போதாது. மியூட் செய்தால் பாட்டுதான் நிற்கும், ஆம்பிளிஃபயர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்குள் நுழைந்த இரைச்சல் ஸ்பீக்கரில் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே வண்டியை ஓரமாக நிறுத்தி, ஏசியை அணைத்து, ஒவ்வொரு கதவு ஸ்பீக்கரிலும் காதை வைத்துக் கேளுங்கள். ஓடும்போது மட்டும் வருகிற சத்தம் என்றால் வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு சவுண்ட் செட்டிங்கில் பேலன்ஸ் (ஒலியை இடம், வலம் நகர்த்துவது), ஃபேடர் (முன், பின் நகர்த்துவது) இரண்டையும் பின்பக்க இடது ஸ்பீக்கருக்குத் தள்ளுங்கள். இரைச்சலும் கூடவே நகர்ந்தால், அது ஃபேடருக்கு முன்னால், அதாவது போன், ரேடியோ, ஆக்ஸ் என்று ஏதோ ஒரு சோர்ஸிலிருந்து நுழைகிறது. நகராமல் எல்லா ஸ்பீக்கரிலும் அப்படியே இருந்தால் ஆம்பிளிஃபயர் பக்கமோ எர்த் (கருவியின் நெகட்டிவ் ஒயர் வண்டியின் பாடியில் சேரும் இடம்) பக்கமோ பார்க்க வேண்டும். ஸ்பீக்கரில் எதுவுமே கேட்கவில்லை என்றால் அது ஆடியோ பிரச்சினையே இல்லை.

ரீங்காரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு அதிகம் வருவது அந்தப் புகார்தான். பெட்ரோல் வண்டியில் 12 வோல்ட்டுக்கு, இன்ஜின் சுற்றிக் கரண்ட் எடுக்கிற ஆல்டர்னேட்டர் இருக்கும். எலக்ட்ரிக் காரில் அது கிடையாது. பெரிய பேட்டரியின் 300, 400 வோல்ட்டைக் குறைத்து 14 வோல்ட் அளவுக்குத் தருவது டிசி-டிசி கன்வெர்ட்டர். மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் தருவது இன்வெர்ட்டர். இரண்டுமே கரண்ட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுகிற கருவிகள். கம்பெனி ஒயரிங்கில் இதற்கெல்லாம் ஃபில்டர், ஷீல்டிங் எல்லாம் போட்டுத்தான் தருகிறார்கள். ஆனால் எர்த் எங்காவது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அந்த இரைச்சல் ஆடியோவுக்குள் புகுந்துவிடும்.

சோதிப்பது எளிது. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான மாடல்களில் வண்டி ஓடத் தயார் என்று காட்டுகிற ‘ரெடி’ வராமல் டிஸ்ப்ளே மட்டும் எரியும். அந்த நிலையில் டிசி-டிசி கன்வெர்ட்டர் பொதுவாக வேலை செய்யாது, எல்லாம் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். இப்போது ஸ்பீக்கரில் சத்தம் இல்லாமல், ‘ரெடி’ போட்டதும் வந்தால் இரைச்சல் பவர் லைனிலிருந்தோ எர்த்திலிருந்தோ வருகிறது. டிஸ்ப்ளே யூனிட்டை மாற்றினால் அது போகாது.

அடுத்து, பிறகு பொருத்திய எல்லாவற்றையும் கழற்றுங்கள். டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், லைட்டர் சாக்கெட்டில் செருகிய போன் சார்ஜர், எல்இடி விளக்கு, எதையும் விடாதீர்கள். ஆஃப் செய்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவர் வண்டியைக் கொண்டுவந்தார். “தம்பி, டிஸ்ப்ளேய மாத்தியும் சத்தம் போகலையே” என்றார். ஃபேடர் சோதனையில் இரைச்சல் நகரவே இல்லை. டேஷ்கேம் பிளக்கைப் பிடுங்கினேன், அடுத்த நொடி அமைதி. பிரித்துப் பார்த்தால், டேஷ்கேமுக்கு 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்குகிற மலிவான அடாப்டரை ஹெட் யூனிட்டின் (டிஸ்ப்ளேயோடு சேர்ந்த ஆடியோ பெட்டி) ஃபியூஸிலிருந்தே இழுத்திருந்தார்கள். அதன் எர்த்தை ஹெட் யூனிட்டின் எர்த்தோடு சேர்த்து, பெயின்ட் அடித்த ஒரு போல்ட்டில் சுற்றியிருந்தார்கள். பெயின்ட்டுக்கு மேல் எர்த் எப்படிப் பிடிக்கும்? மல்டிமீட்டரில் ஹெட் யூனிட் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே அரை வோல்ட் காட்டியது. நல்ல எர்த் என்றால் அங்கே 0.1 வோல்ட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு முறுக்கினேன். டேஷ்கேமுக்குத் தனி ஃபியூஸ் கொடுத்து, கண்ணாடி ஓரத் தூணில் ஆன்டெனா ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்த அதன் ஒயரைப் பிரித்து வேறு வழியாக விட்டேன். அடாப்டருக்குப் பக்கத்தில், ஒயர் வழியாக வருகிற இரைச்சலைத் தடுக்கிற ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினேன். சத்தம் திரும்ப வரவில்லை. அந்த வளையத்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட வராது.

அவ்வப்போது ‘டிட்டிட் டிட்டிட் டிர்ர்ர்’ என்று வந்து போனால் டிராக்கரைச் சந்தேகப்படுங்கள். பல டிராக்கர்கள் இன்னும் 2ஜி சிம்மில்தான் ஓடுகின்றன. 2ஜி சிக்னல் நொடிக்கு சுமார் 217 தடவை துடிக்கும், அது காதுக்குக் கேட்கிற எல்லைக்குள் இருப்பதால் பக்கத்தில் உள்ள ஆடியோ ஒயரில் அப்படியே விழுந்துவிடும். ஸ்பீக்கர் ஒயரிலிருந்து டிராக்கரை ஒரு அடி தள்ளி வைத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

ஏஎம் ரேடியோவில் மட்டும் இரைச்சல் என்றால் அதற்காக மெனக்கெட வேண்டாம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் போன்ற மீடியம் வேவ் நிலையங்கள் இருக்கிற அதே அலைவரிசைப் பகுதியில்தான் இந்தக் கன்வெர்ட்டர்களின் இரைச்சலும் விழுகிறது. உலகம் முழுக்க இருக்கிற சிக்கல் இது. அமெரிக்காவில் சில கம்பெனிகள் எலக்ட்ரிக் கார்களிலிருந்து ஏஎம்-ஐயே எடுத்துவிட்டன. ஃபோர்டு அப்படி எடுக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2023 மே மாதம் பின்வாங்கியது.

சரி, ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை, ஆனால் வேகத்தோடு ஏறுகிறது என்றால் அது மோட்டாரும் கியரும் எழுப்புகிற ஒலி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ரீஜென் (மோட்டாரே பிரேக் போல இழுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பிடித்து, வேகம் இறங்க இறங்க அதுவும் இறங்கும். ஓரளவுக்கு இது இயல்புதான். முன்பைவிட அதிகமாகிறது என்றால் மட்டும் காட்டுங்கள்.

உங்கள் ‘டக் டக் டக்’ அநேகமாக ஏசியின் வேலை. டேஷ்போர்டுக்குள், டிஸ்ப்ளேக்குப் பின்னால், காற்றைச் சூடு, குளிர், முகம், கால் என்று திருப்பிவிடுகிற சின்னக் கதவுகள் உண்டு. அவற்றைத் திருப்புகிற குட்டி மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்தால் வழுக்கி வழுக்கி இப்படித்தான் தட்டும். ஸ்டார்ட் செய்ததும் அவை ஒரு தடவை தங்கள் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளும், அதனால்தான் காலையில் கேட்கிறது. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு டெம்பரேச்சரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றுங்கள், காற்றின் திசையையும் மாற்றுங்கள். எந்தப் பட்டனுக்கு அந்தத் தட்டல் வருகிறதோ அந்த மோட்டார்தான் போயிருக்கிறது. அதன் விலை டிஸ்ப்ளே விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ‘ரெடி’ போடும்போதும் அணைக்கும்போதும் ஒரே ஒரு கனமான ‘டக்’ வந்தால் கவலை வேண்டாம், பெரிய பேட்டரியை இணைத்துத் துண்டிக்கிற கான்டாக்டர் அது.

பூட்டிய பிறகு வருகிற சத்தம் கூலன்ட் பம்ப்பாகவோ ஃபேனாகவோ இருக்கலாம். கத்திரி வெயிலில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுவிட்டு வந்தால் பேட்டரியைக் குளிர்விக்க அது கொஞ்ச நேரம் ஓடும், சார்ஜ் ஏறும்போது ஏசி கம்ப்ரெஸரும் சேர்ந்துகொள்ளும். டிஸ்ப்ளேக்குப் பின்னால் தனியாகச் சின்ன ஃபேன் இருக்கிற மாடல்களும் உண்டு. ஆனால் ராத்திரி முழுக்க ஓடினால் ஏதோ ஒரு மாட்யூல் (வண்டியின் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டி) தூங்காமல் விழித்திருக்கிறது, அது 12 வோல்ட் பேட்டரியைத் தின்றுவிடும். காலையில் வண்டியைத் திறந்து சில நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு அளந்து பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், 12.2-க்குக் கீழே போனால் சார்ஜ் இறங்கியிருக்கிறது. ‘ரெடி’ போட்டால் பொதுவாக 13.5-இலிருந்து 14.7 வரை வர வேண்டும். இந்தச் சின்ன பேட்டரி சோர்ந்தால் டிஸ்ப்ளே தானாக ரீஸ்டார்ட் ஆகும், ஸ்பீக்கர் ‘டப்’ என்று வெடிக்கும், சம்பந்தமில்லாத எச்சரிக்கை மணியெல்லாம் அடிக்கும். டிஸ்ப்ளே கெட்டுவிட்டது என்று சொல்லப்பட்ட வண்டிகளில் நான் முதலில் அளப்பது இதைத்தான்.

வேண்டுமென்றே வைத்த ஒலிகளும் இருக்கின்றன, அவற்றையும் கணக்கில் எடுங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் வருகிற கார்களில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டும், 120-ஐத் தாண்டினால் தொடர்ந்தும் எச்சரிக்கை ஒலி வரும். நடந்து போகிறவர்களுக்காக மெதுவான வேகத்தில் வெளியே ஒலி எழுப்புகிற மாடல்களும் இருக்கின்றன. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புது எலக்ட்ரிக் கார்களுக்கும் அது கட்டாயம். 20 கிலோமீட்டர் வேகம் வரை முன்பக்கம் ஒரு ஊளை மாதிரி கேட்டு அதற்கு மேல் நின்றுவிட்டால் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. இதில் நீங்கள் தொடலாம் என்று சொன்னதெல்லாம் 12 வோல்ட் பக்கம் மட்டுமே. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெரிகிற எந்தக் கேபிளையும், அதன் கனெக்டரையும் தொடாதீர்கள். அதில் ஓடுவது உயிரைப் பறிக்கிற வோல்டேஜ். அங்கே பயிற்சி பெற்ற ஆள் மட்டும்தான் கை வைக்க வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போகும்போது ஆதாரத்தோடு போங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரை ஸ்பீடோமீட்டர் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டெக்னீஷியனை உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஜாப் கார்டில் ‘டிஸ்ப்ளே சத்தம்’ என்று எழுத விடாதீர்கள். மூன்று சத்தத்தையும் தனித்தனியாக, எப்போது வருகிறது, ஸ்பீக்கரில் கேட்கிறதா இல்லையா, வெளிப்பொருள்களைக் கழற்றிய பிறகும் இருக்கிறதா என்று எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் டிஸ்ப்ளேதான் என்று சொன்னால், அதே மாடலின் வேறு யூனிட்டைத் தற்காலிகமாக மாட்டிச் சத்தம் போகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வாரன்ட்டி இருந்தாலும் இதைக் கேளுங்கள், தேவையில்லாமல் டேஷ்போர்டைப் பிரித்து மாட்டினால் கிளிப்புகள் தளர்ந்து புதுசாக ஒரு கடகட சத்தம் சேர்ந்துகொள்ளும்.

ஃபேடர் சோதனையிலும் ‘ரெடி’ சோதனையிலும் என்ன தெரிந்தது என்று கீழே எழுதுங்கள். வண்டியில் பிறகு பொருத்தியது என்னென்ன என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்து எங்கே பார்க்கலாம் என்று சொல்கிறேன்.