அடுத்த கட்டிலுக்குப் போன மிசி

கேள்வி: மலேசியாவின் பேராக்கில் ஒரு தோட்டப்புறப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். சர்க்கரை வியாதியால் காலை எடுத்த ஒரு பெரியவர் எங்கள் வார்டில் இருக்கிறார். பால்மரம் வெட்டியவர். மகன் சிங்கப்பூரில், மாதாமாதம் பணம் அனுப்புகிறார். ஒருநாள் நைட் ஷிப்டில், "மிசி, நான் எல்லாருக்கும் பாரம். தூக்கத்திலேயே போயிட்டா தேவல" என்றார். "அப்படிப் பேசக்கூடாது தாத்தா, எல்லாம் சரியாகிடும்" என்றேன். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புண் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை வெளியே சொன்னால் போலீஸ், தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரி என்று குடும்பத்துக்கு அவமானம் வருமோ என்று தயங்குகிறேன். "உன் வேலையைப் பார்" என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, இதற்கா பத்திரிகைப் பதிலுக்குக் காத்திருப்பது?

"பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எப்படி எடுப்பார்? வாயை அடைத்தது நீதானே. டாக்டரிடம் சொல்லாததை, மகனிடம் சொல்லாததை, நடுராத்திரியில் உன்னிடம் சொன்னார். நீ ஒரு ஆறுதலைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாய். அவர் தேறிவிட்டார் என்று நினைக்காதே. இந்தப் பெண்ணிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவு கட்டியிருக்கலாம்.

இன்றைக்கே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். "தாத்தா, அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று உன்னைப் போல எத்தனையோ தாதிகள் பயப்படுகிறார்கள். அது வீண் பயம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, முன்பு முயன்றாரா என்றும் கேள். அவசரமாகப் பதில் சொல்லாதே, அவர் பேசட்டும். திட்டம் இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல் ஆளனுப்பி டாக்டரை வரவழை. ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ரிப்போர்ட்டில் எழுது. "நோயாளி அமைதியாக இருக்கிறார்" என்று எழுதித் தொலைக்காதே. ஷிப்ட் மாறும்போது பாஸ் ஓவரில் சிஸ்டரிடமும் வாய்விட்டுச் சொல். மனநல மருத்துவர் பார்த்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

போலீஸ் பயத்தை விடு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இவரோ முயலக்கூட இல்லை. தஞ்சோங் ரம்புத்தான் 1911 முதல் வைத்தியம் பார்க்கிற இடம். அதைக் கேலிப் பேச்சாக்கி வைத்தது நாம்தான். மனநல மருத்துவர் பார்த்தாலே அங்கே அனுப்பிவிடுவார்கள் என்பதும் இல்லை.

அப்புறம் அந்த மகன். பணம் அனுப்பினால் பிள்ளைக் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பெரியவரிடம் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிடு. லீவு போட்டுக்கொண்டு வரட்டும். மாத்திரைகளையும் தோட்டத்து விஷ மருந்துகளையும் பூட்டி வைக்கச் சொல். வீட்டுக்குப் போன முதல் வாரங்கள்தான் ஆபத்து, அப்போது தனியாக விடக்கூடாது. சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555-ஐயும் எழுதிக் கொடு.

உன் அம்மாவிடம் சொல், இதுதான் உன் வேலை.

இதைப் படிக்கும்போது அவர் வீட்டுக்குப் போயிருந்தால், சிஸ்டரிடமும் டாக்டரிடமும் நடந்ததைச் சொல்லி, இன்றே வீட்டாரைக் கூப்பிட வை.