தோழிக்கு நாள் தள்ளிப்போனால்: நர்ஸம்மாவிடம் கேள்வி பதில்

நான் 29 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். முதலில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம், அப்புறம் பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம். ஊர் எனக்கு வைத்த பெயர் நர்ஸம்மா. வளரும் பிள்ளைகள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான் வந்திருக்கிறது: பள்ளிக்கூட வயதில் கர்ப்பம். கேட்டவர்கள் பெரும்பாலும் கர்ப்பமான பெண்கள் இல்லை, அவர்களுடைய தோழிகள். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நர்ஸம்மா, நானும் என் ஃப்ரெண்டும் பிளஸ் ஒன் படிக்கிறோம். ஒண்ணாங் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்ச். அவளுக்கு ரெண்டு மாசமா நாள் தள்ளிப்போயிருக்கு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அந்தோணியார் மேல சத்தியம் வாங்கிட்டா. ராத்திரி தூக்கமே வரல. நான் என்ன செய்யணும்?

மகளே, நீ தூங்காமல் இருப்பதே நீ எவ்வளவு நல்ல தோழி என்று சொல்கிறது. ஆனால் இந்த ரகசியம் சும்மா இருக்கிற ரகசியம் இல்லை. வாரத்துக்கு வாரம் வளருகிறது.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள். ஆஸ்பத்திரியில் கர்ப்பத்தை எண்ணுவது தப்பு நடந்ததாக அவள் நினைக்கிற நாளிலிருந்து இல்லை, கடைசியாகத் தூரமான, அதாவது மாதவிலக்கு வந்த, முதல் நாளிலிருந்து. நம் பிள்ளைகளுக்குத் தேதி நினைவிருக்காது, கடல் நினைவிருக்கும். "தடைக்காலம் முடிஞ்சு போட்டு இறங்குன அன்னைக்கு" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள். மீன்பிடித் தடை முடிந்து படகு கடலில் இறங்கும் நாள், அது ஜூன் 15. ஆகஸ்ட் 20-ல் அவள் என்னிடம் வந்தபோது 9 வாரம் தாண்டியிருந்தது. அவளோ "ஒரு மாசம்தான் இருக்கும்" என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உன் தோழி ரெண்டு மாதம் என்றால் கணக்குப்படி 12 வாரத்துக்குப் பக்கமாகக்கூட இருக்கலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், கருவைக் கலைப்பதா, பெற்றுக்கொள்வதா என்ற முடிவு எதுவானாலும் சீக்கிரம் போனால்தான் கையில் வழி இருக்கும். சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவர் முடிவு செய்யலாம். 20-லிருந்து 24 வாரம் வரை ரெண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் சில நிலைகளில் இருக்கும் பெண்களுக்குத்தான். 18 வயது ஆகாத பெண்கள் அதில் அடக்கம். அதுக்கு மேல் போனால் பெரும்பாலும் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். உடம்புக்கும் 8 வாரத்தில் சின்ன விஷயமாக முடிவது 18 வாரத்தில் பெரிய விஷயமாகிவிடும்.

சத்தியத்துக்கு வருவோம். நீ அதை முறிக்க வேண்டாம், அவளையே சொல்ல வை. "நான் யாருக்கும் சொல்லல. நீ சொல்லு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். உனக்கு வாய் வரலைன்னா நான் ஆரம்பிக்கிறேன்" என்று சொல். முதலில் சொல்ல வேண்டியது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எந்த வீட்டிலும் ஒரு ஆள் இருப்பார்கள், முதலில் கத்தினாலும் அப்புறம் தலையைத் தடவிக் கொடுக்கிற ஆள். சித்தியோ, அத்தையோ, பாட்டியோ. யார் என்று அவளிடமே கேள். உங்கள் ஊர் நர்ஸிடமும் போகலாம்.

மூன்று நாள் கொடு. அப்புறமும் அவள் அசையவில்லை என்றால், "இன்னைக்கு நான் சொல்லப் போறேன்" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு நீ போய்ச் சொல். முதுகுக்குப் பின்னால் செய்யாதே. ஆனால் அவள் சாவதைப் பற்றிப் பேசினாலோ, ரத்தம் போனாலோ, காரணமானவன் சொந்தக்காரன், வயதில் மூத்தவன், மிரட்டுகிறவன் என்றாலோ மூன்று நாள் கணக்கெல்லாம் இல்லை. அன்றைக்கே 1098-க்குப் போன் செய். குழந்தைகளுக்கான இலவச எண் அது, ராத்திரியிலும் எடுப்பார்கள். மனசு உடைந்திருந்தால் 14416-ல் பேசலாம். அந்தோணியார் உன்னைக் கோபிக்க மாட்டார்.

கேள்வி: கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கிப் பார்த்தோம் அக்கா. ரெண்டாவது கோடு ரொம்ப மங்கலா இருக்கு. இருக்கா, இல்லையா?

மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரே கோடு வந்து நாளும் தள்ளியே போகிறதென்றால் ஒரு வாரம் கழித்துக் காலையில் முதல் சிறுநீரில் இன்னொரு தடவை பாருங்கள்.

கேள்வி: மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தர ஒரு அண்ணன் இருக்கார். இல்லைன்னா பப்பாளி, எள்ளு, கருஞ்சீரகம் சாப்பிட்டா கலைஞ்சிரும்னு சொல்றாங்க. அவளுக்காக நான் வாங்கிக் கொடுக்கவா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

பப்பாளியும் எள்ளும் சாப்பிட்டு நாலைந்து வாரம் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கரு அப்படியே இருக்கும், நாள்தான் போயிருக்கும். மாத்திரை வேறு விஷயம், அது உண்மையிலேயே வேலை செய்யும். அதனால்தான் பயம். எத்தனை வாரம், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் போகும். பாதி கலைந்து பாதி தங்கினால் சீழ் பிடிக்கும்.

ஒரு பிள்ளை. பாசி எடுக்கிற வீட்டுப் பிள்ளை, ஏற்கெனவே ரத்தசோகை. கூட்டாளிப் பெண் ஆசையாக, உதவி என்று நினைத்து, எங்கேயோ மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ராத்திரி முழுக்க ரத்தம். ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு துணியைத் துவைத்துத் துவைத்துப் போட்டிருக்கிறார்கள். காலையில் மயங்கி விழுந்த பிறகுதான் எனக்கு ஆள் வந்தது. பாம்பனிலிருந்து ராமநாதபுரம் 40 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரம் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் போனேன். பிழைத்தாள். ஆனால் மாத்திரை கொடுத்த பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

யாராவது ஏற்கெனவே மாத்திரை போட்டிருந்தால் இதை மட்டும் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் ரெண்டு பேடு முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், காய்ச்சல் வந்தால், நாற்றம் அடித்தால், தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால், தலை சுற்றி விழுந்தால் உடனே 108. என்ன மாத்திரை, எப்போது போட்டது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள், திட்டட்டும்.

கேள்வி: அவளுக்கு 17 வயசு. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வருமாம். எனக்குத் தெரிஞ்சும் சொல்லலைன்னு என்னையும் பிடிப்பாங்களா?

உன்னைப் பிடிக்க மாட்டார்கள். போக்சோ, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டம், 2012-ல் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ள பெண்ணோடு உறவு என்று தெரிந்தால் தகவல் சொல்ல வேண்டும், சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. ஆனால் சொல்லாமல் இருந்தவரே 18 ஆகாத பிள்ளை என்றால் அந்தத் தண்டனை கிடையாது. உனக்கும் 18 ஆகவில்லை என்றால் பயப்படாதே. டீச்சருக்கும் டாக்டருக்கும் உன் அம்மாவுக்கும் அந்தக் கடமை உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போனால் தகவல் போகும் என்பது உண்மைதான், அதை உன்னிடம் மறைத்துப் பேச எனக்கு மனசில்லை. பெண் சம்மதித்திருந்தாலும் அந்த வயதில் அது சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளாது. ஆனால் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது: கருக்கலைப்புக்கு வரும் 18 ஆகாத பெண்ணும் அவளுடைய பெரியவரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் கொடுக்கும் தகவலில் அவள் பெயர், அடையாளம் இல்லாமலே கொடுக்கலாம். இதை எல்லா இடத்திலும் தானாகச் செய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள்.

கருக்கலைப்புக்கு 18 ஆகாத பெண் என்றால் பெரியவர் ஒருவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அது அப்பாவாகவோ அம்மாவாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை, அவளை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் போதும். அப்பா வளைகுடாவில், அம்மா கேரளாவில், பிள்ளை பாட்டியோடு என்று எத்தனை வீடுகள் இந்தக் கரையில்! பாட்டி கைநாட்டு வைத்தாலும் செல்லும். 18 முடிந்திருந்தால் அவள் சம்மதம் மட்டும் போதும், கல்யாணம் ஆகாதவளாக இருந்தாலும்.

கேள்வி: மேடம், காரணம் என் கூட்டாளிதான். அவனுக்கு 20, அந்தப் பொண்ணுக்கு 16. "போனை ஆஃப் பண்ணிட்டு கொச்சி போட்டுல ஏறிரு"ன்னு பசங்க சொல்றாங்க. சிலர், கோயில்ல வச்சுத் தாலி கட்டிருவோம்ங்கிறாங்க. நான் எந்தப் பக்கம் நிக்கிறது?

தம்பி, ரெண்டு பக்கமும் நிற்காதே. ஓடிப்போகச் சொல்கிறவன் அவனுக்குக் கூட்டாளி இல்லை. அவன் ஓடினால் அந்தப் பெண் தனியாக அடி வாங்குவாள், அவன் பேரில் வழக்கு இன்னும் கனமாகும். தாலி கட்டுவது அதைவிட மோசம். 16 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் 2006-ஆம் வருடத்துச் சட்டப்படி கட்டியவனுக்கு மட்டும் இல்லை, முன்னால் நின்று நடத்திக்கொடுத்த உங்களுக்கும் 2 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கல்யாணம் ஆனதால் போக்சோவும் போய்விடாது.

அவன் அப்பா அம்மாவிடம் அவனையே சொல்ல வை. ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல். அந்தப் பெண்ணைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவள் வீட்டுக்குத் தகவல் போகிறதா என்று பார். அவள் போட்டோ, மெசேஜ் எதுவும் உங்கள் குரூப்பில் சுற்றக் கூடாது. அதைத் தடுக்க முடிந்தாலே பெரிய காரியம் செய்தவன் நீ.

கேள்வி: என் மகளோட தோழி இப்படி ஆகிட்டா. இனி அந்த வீட்டுப் பக்கம் போகாதேன்னு சொல்லிட்டேன். பொம்பளப் பிள்ளையை வச்சிருக்கேன், பயமா இருக்கு. நான் செஞ்சது தப்பா?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது அம்மா. நானும் பெண் பிள்ளை பெற்றவள்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் செய்தது தப்பு.

இன்றைக்கு உங்கள் மகள் என்ன கற்றுக்கொண்டாள் தெரியுமா? தப்பு செய்யக் கூடாது என்பதை இல்லை. தனக்கு ஏதாவது நடந்தால் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்பதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆறு மாதம், ஏழு மாதம் வரை துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்து என்னிடம் வந்தபோது, ஏன் சொல்லவில்லை என்று கேட்பேன். பக்கத்து வீட்டு அக்காவை ஊர் என்ன செய்தது என்று பார்த்ததைத்தான் சொல்வார்கள்.

அக்காள்மடமும் தங்கச்சிமடமும் அடுத்தடுத்து இருக்கிற கரை நம்முடையது. தங்கச்சி விழுந்தால் அக்கா ஓடிப்போய்த் தூக்க வேண்டும். உங்கள் மகளைத் தனியாக அனுப்பப் பயமென்றால் நீங்களும் கூடப் போங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசுங்கள், அவளிடம் இப்போது யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: நான் அவ அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவளைக் காப்பாத்தத்தான். அதுக்கு முன்னாடி டியூஷன்ல இன்னொருத்திகிட்டயும் சொல்லியிருந்தேன், எனக்குப் பாரம் தாங்கல. இப்ப கிளாஸ் பூரா தெரிஞ்சுபோச்சு. "நீ செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்"னு சொல்லிட்டா.

நீ செய்தது ஒன்றில்லை, ரெண்டு. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் உனக்கு வழி தெரியும்.

அம்மாவிடம் சொன்னது சரி. அதற்கு மன்னிப்புக் கேட்காதே, கேட்டால் பொய்யாகிவிடும். டியூஷனில் சொன்னது தப்பு. உனக்குப் பாரம் என்றால் பெரியவர் ஒருவரிடம் இறக்கியிருக்க வேண்டும், உன் வயதுப் பிள்ளையிடம் இல்லை. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேள். காரணம் சொல்லாமல் கேள். "டியூஷன்ல சொன்னது என் தப்பு. உன் அம்மாகிட்ட சொன்னதுக்கு நான் வருத்தப்படல" என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. வாட்ஸ்அப் வேண்டாம், அது மற்றவர் கைக்குப் போகும். அப்புறம் அந்த டியூஷன் பிள்ளைகள் அவளைப் பற்றிப் பேசும்போது எழுந்து, "நிறுத்துங்கடி" என்று சொல். அது அவள் காதுக்குப் போகும்.

அவள் திரும்பிப் பேசுவாளா? நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இப்படிப் பிரிந்த ரெண்டு பேரை எனக்குத் தெரியும். இருவருக்கும் இப்போது முப்பது வயதுக்கு மேல். கருவாடு காயப்போடும் இடத்தில் பத்தடி தள்ளித்தான் நிற்பார்கள், இன்னும் பேச்சு இல்லை. ஆனால் அன்றைக்குக் கர்ப்பமாக இருந்தவள் அங்கே நிற்கிறாள், உயிரோடு, மூன்று பிள்ளைகளோடு.

கேள்வி: எனக்கு மாசம் ஏறிப்போச்சு, பெத்துக்கத்தான் வேணும்னு சொல்லிட்டாங்க. குழந்தையை வளர்க்க முடியாது. குப்பையில போட மாட்டேன். வேற வழி இருக்கா? என் படிப்பு அவ்வளவுதானா?

வழி இருக்கிறது, தாயி. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனசு மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள 2 மாதம் அவகாசம் தருவார்கள். 1098-ல் கேட்டாலே வழி சொல்வார்கள். யாராவது ஆஸ்பத்திரி வாசலில் வந்து, "பிள்ளையில்லாத நல்ல குடும்பம் இருக்கு, பணம் தருவாங்க" என்றால் நம்பாதே, அது குழந்தை விற்பனை.

பிரசவம் கண்டிப்பாக ஆஸ்பத்திரியில்தான். இந்த வயதில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து அதிகம். தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம் இருந்தால் காத்திருக்காதே. சத்து மாத்திரையை விடாதே. படிப்பு போகாது. பள்ளிக்குத் திரும்பலாம், இல்லையென்றால் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதலாம்.

கேள்வி: நாளைக்கு அவளைப் பார்க்கப் போறேன், நாலு மாசத்துக்கு அப்புறம். என்ன பேசுறதுன்னு தெரியல. ஏதாவது எடுத்துட்டுப் போகணுமா?

உன் கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்துக்கொண்டு போ. முடிந்தால் வீட்டில் முருங்கைக்கீரை பொரியல் செய்யச் சொல்லி ஒரு டப்பாவில். அவளாக எடுக்கும்வரை குழந்தைப் பேச்சை எடுக்காதே. வகுப்பில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சர் மாறினார், அதைப் பேசு. அழுதால் அழ விடு. அவள் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போயிருக்கும் நாளா என்று பார்த்துக்கொண்டு சாயங்காலம் போ, அப்போதுதான் கொஞ்ச நேரம் உட்கார விடுவார்கள்.