கேளுங்கள், சொல்கிறேன்: ஆஸ்லோவுக்கு பெர்லின் நேரமா?

கேள்வி: எந்த ஊரில் எப்போது என்ன நேரம் என்று தெரிந்துகொள்ள பெரும்பாலான போன்களும் கணினிகளும் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் நார்வேயை ஜெர்மனியோடு சேர்த்துவிட்டார்கள் என்று பெரிய சண்டையாமே? ஒரு கோப்புக்கு இவ்வளவு ரகளையா?

பதில்: ஆமாம், நடந்தது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் ஆரம்பித்த இந்தத் தரவுத்தளத்தை இப்போது பார்த்துக்கொள்பவர் பால் எகர்ட். 1970 முதல் இரண்டு ஊர்க் கடிகாரங்கள் ஒரே மாதிரி ஓடியிருந்தால் ஒரு பதிவு போதும், இன்னொரு ஊரின் பெயர் அதைச் சுட்டினால் சரி என்பது விதி. அப்படித்தான் அங்கோலாவின் லுவாண்டாவை முன்பே நைஜீரியாவின் லாகோஸோடு சேர்த்தார்கள், பெரிய சத்தம் எழவில்லை. 2021ல் ஐரோப்பாவுக்கும் அதே விதி என்று எகர்ட் கிளம்பியதும்தான் ரகளை. 2022ல் நார்வேயின் ஆஸ்லோவும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமும் ஜெர்மனியின் பெர்லினைச் சுட்டின, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் அபிஜானைச் சுட்டியது!

இன்றைய நேரம் இதனால் மாறாது, அடி விழுவது பழைய நேரத்துக்குத்தான். 1962 கோடையில் நார்வே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியிருந்தது, ஜெர்மனி நகர்த்தவில்லை. அந்த ஜூலை 10 அன்று நள்ளிரவு தாண்டி 12:30க்கு ஆஸ்லோவில் ஒரு குழந்தை பிறந்து, அதை உலகப் பொது நேரமாக மாற்றிச் சேமித்திருந்தால், தரவைப் புதுப்பித்ததும் 9ஆம் தேதி இரவு 11:30 என்று காட்டும். பிறந்த நாளே போச்சு!

பழைய தரவை அழித்துவிடவில்லை, தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், வேண்டுமென்று கேட்டுச் சேர்த்தால்தான் வரும். ஆப்பிரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்றா என்று எகர்ட் கேட்டது நியாயம்தான். அதற்காக ஆஸ்லோவிடம் பிடுங்குவானேன், லுவாண்டாவுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்பது என் கட்சி. (பழைய தரவில் நிறைய, ஜோதிடர்களுக்கான அட்லஸிலிருந்து வந்தது. அதைச் சொல்லி 2011ல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம் ஓல்சன், எகர்ட் இருவர் மேலும் வழக்குப் போட்டு, அடுத்த வருடமே வாபஸ் வாங்கியது தனிக் கூத்து.)

கேள்வி: ஒரு நாட்டுக்குள்ளேயே நேரத்தில் ஒத்துப்போகாவிட்டால் தரவுத்தளம் யார் பக்கம் நிற்கும்?

பதில்: லெபனானில் அது நடந்தது. 2023 மார்ச்சில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடை நேரம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, ரமலான் முடியட்டும் என்று அரசு தள்ளிவைத்தது. மரோனைட் திருச்சபை மறுத்தது, சில தொலைக்காட்சிகளும் மறுத்தன, ஒரே ஊரில் இரண்டு நேரம். தரவுத்தளக்காரர்கள் அரசு சொன்னபடி அவசரமாக ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். அப்புறம் அரசே பின்வாங்க, ஒரு வாரத்துக்குள்ளேயே இன்னொரு பதிப்பு.