ஏழு கிணறும் இரண்டு கட்டையும்

வணக்கம் ஐயா. மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் ஐ.சி.டி. படிப்பிக்கிறேன். ஒன்லைன் புதிர் விளையாட்டுகளால் புரோகிராமிங் படிப்பிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். தரம் 9 பிள்ளைகளுக்குப் புளொக்லி கேம்ஸ் இணையத்தளத்தில் உள்ள, கட்டளைக் கட்டைகளை அடுக்கி ஓர் ஆளை நடத்தும் புதிர்ப்பாதையைக் கொடுத்தேன். இரண்டு பாடவேளையில் பாதிப்பேர் பத்தாவது லெவலையும் முடித்துவிட்டார்கள். ஆனால் தவணைப் பரீட்சையில் லூப் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது) பற்றிய கேள்வியை அதே பிள்ளைகள் தொடவே இல்லை. விளையாடியது வீணா?
– ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

வீணில்லை. ஆனால் அந்தப் பத்தாவது லெவல் எனக்கே ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. பாதி வகுப்பு முடித்தது என்றால் ஒரு பிள்ளை முடித்திருக்கும், மற்றவர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். அதில் கோபிக்க ஒன்றுமில்லை, நாமும் கணக்குக் கொப்பியை அப்படித்தான் நிரப்பினோம்.

நான் பார்க்கச் சொல்வது மூன்றாவது லெவலை. நேரான பாதைதான், ஆனால் இரண்டே இரண்டு கட்டைகளை வைத்து முடிக்க வேண்டும். 'முன்னே போ' என்பதை அடுக்கிக்கொண்டே போகலாம் என்று நினைக்கும் பிள்ளை அங்கே முட்டி நிற்கும். லூப் ஏன் வேண்டும் என்பது அந்த முட்டலில்தான் விளங்கும். அங்கே உதவிக்கு ஓடாதீர்கள். ஓட்டிப் பார்க்கும் பட்டனை அமத்துவதற்கு முன், ஆள் எங்கே போய் நிற்கும் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. லெவல் முடிந்ததும் ஒரு பெட்டி வரும். அடுக்கிய கட்டைகள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராமிங் மொழியில் எத்தனை வரி, என்ன வரி என்று அதில் இருக்கும். பிள்ளைகள் அதை வாசிக்காமலே அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பரீட்சைப் பேப்பருக்கும் விளையாட்டுக்கும் நடுவில் உள்ள பாலம் அந்தப் பெட்டிதான். அதைப் பார்த்து எழுதட்டும், அப்புறம் அடுத்த லெவல்.

டேட்டா பிரச்சினை என்றால் ஒருமுறை இறக்கி எல்லாக் கணினிகளிலும் போட்டுவிடலாம். இணையம் இல்லாமலே ஓடும்.

கரண்ட் இல்லாத நாளுக்கு நம்மூர்ப் புதிர் ஒன்று. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வெப்பமானி இல்லை. ஒரு தடவைக்கு இரண்டு கிணற்றுத் தண்ணீரைத் தொட்டு எது சூடு என்று மட்டும் சொல்லலாம். ஆகச் சூடானதைக் கண்டுபிடிக்க ஆறு தடவை போதும், அதைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஏழையும் சூட்டின்படி வரிசைப்படுத்தத்தான் சண்டை வரும். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 21 தடவை. மூன்று கிணறுகளையும் மற்ற நான்கையும் தனித்தனியே வரிசைப்படுத்திச் சேர்த்தால் 14க்குள் முடியும். எந்த வரிசையில் இருந்தாலும் 13இல் முடிக்க ஒரு வழி உண்டு, அதற்குக் கீழே முடியாது. ஏனென்றால் ஏழு கிணறு 5040 விதமாக வரிசைப்படலாம், 12 'ஆம், இல்லை' பதில்களால் 4096 விதத்தைத்தான் பிரித்தறிய முடியும்.

அந்த 13ஐ வாசித்து விளங்கிக்கொண்டேன். ஆனால் தாளில் பார்க்காமல் செய்யப் போனால் இன்னும் 14இல்தான் நிற்கிறேன்.