தர்பூசணி லாரியிலேயே அழுகுவது ஏன்? கேள்வி பதில்

பங்குனி அறுவடையை ஒட்டி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திண்டிவனம் அருகே இரண்டு ஏக்கர் பயிரிட்டவர்: ஐயா, அறுத்தபோது பழத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றாம் நாள் மண்டியிலிருந்து போன்: காம்புப் பக்கம் கறுத்துவிட்டதாம், கழிவு போட்டுவிட்டார்களாம். வியாபாரி ஏமாற்றுகிறாரா?

இந்த ஒரு விஷயத்தில் வியாபாரியை நம்பலாம். நீங்கள் சொல்வது காம்பு அழுகல். லாசியோடிப்ளோடியா என்ற பூஞ்சாணத்தின் வேலை. காய்ந்த கொடியிலும் சருகிலும் அது எப்போதும் இருக்கும். பழத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு போகும் வலிமை அதற்கு இல்லை, காம்பின் வெட்டுவாயும் காயமும்தான் அதற்கு வழி. முதலில் காம்பு பழுப்பாகிச் சுருங்கும், பிறகு அதைச் சுற்றியுள்ள சதை நீர்கோத்துக் குழையும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வேகமாக வளரும், 10 டிகிரியில் ஏறக்குறைய நின்றுவிடும். தார்ப்பாய் மூடிய லாரி எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழத்தைத் திருகிப் பிடுங்குவதை முதலில் நிறுத்துங்கள். கூலிக்கு அறுப்பவர்கள் அவசரத்தில் அப்படித்தான் செய்வார்கள், நீங்கள் கூடவே நிற்க வேண்டும். கூர்மையான கத்தியால், பழத்தோடு 5 சென்டிமீட்டர் காம்பு இருக்கும்படி வெட்டுங்கள். காம்பு நீளமாக இருந்தால் பூஞ்சாணம் பழத்துக்கு வந்து சேர நாளாகும், அதற்குள் பழம் விற்றுவிடும். அழுகிய பழத்தை வெட்டிய கத்தியால் நல்ல பழத்தைத் தொடாதீர்கள்.

மரக்காணம்: அறுத்த பழத்தைப் பூஞ்சாணக்கொல்லி கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் என்ன?

வேண்டாம். வயலில் தெளிக்கும் மருந்துக்கே தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே இத்தனை நாள் விட வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. அதே மருந்தில் முக்கிய பழத்தை மறுநாள் ஒரு குழந்தை சாப்பிடும். தவிர, சதைக்குள் நுழைந்துவிட்ட பூஞ்சாணத்தை மேலே பூசும் எந்த மருந்தும் எட்டாது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து ரயிலில் போன பழங்களுக்கும் இதே காம்பு அழுகல்தான் தொல்லை. அவர்கள் ஏற்றும் இடத்தில் காம்பைப் புதிதாக நறுக்கி, மாவுக் கஞ்சியில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து வெட்டுவாயில் மட்டும் தடவினார்கள். பழத்தின் மேல் படவிடவில்லை. மருந்தைவிட அந்தக் கவனம்தான் எனக்குப் பிடித்தது.

கழுவுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே தொட்டித் தண்ணீரில் நூறு பழம் கழுவினால் ஒரு பழத்தின் நோய் நூறுக்கும் போகும். கழுவியே தீர வேண்டுமானால் 100 முதல் 150 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) குளோரின் கலந்த தண்ணீர், கார அமில நிலை 6.5 முதல் 7.5-க்குள், அழுக்கானதும் மாற்ற வேண்டும், கழுவிய பழம் நன்றாக உலர வேண்டும். இவ்வளவுக்கும் வசதி இல்லாதவர்கள் உலர்ந்த துணியால் மண்ணைத் துடைத்தால் போதும்.

செய்யூர்: கோடை மழைக்குப் பிறகு தரையில் படும் பக்கம் நீர்கோத்து, மேலே வெள்ளை மாவு பூத்தது போல் ஆகிறது. கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி அடித்தும் கேட்கவில்லை.

கேட்காது. நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது பைட்டோப்தோரா. பூஞ்சாணம் என்றே எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அது பூஞ்சாண இனமே அல்ல. தண்ணீரில் நீந்தும் வித்துகளைக் கொண்ட வேறோர் இனம். கார்பென்டசிம் அதைத் தொடாது. தண்ணீர் தேங்காமல் இருப்பதே முதல் மருந்து: மேட்டுப்பாத்தி, சொட்டுநீர், நிலப்போர்வை, மழைநீர் வடிய வாய்க்கால். பயிர் மாற்றுகிறேன் என்று அடுத்த பட்டம் மிளகாயோ தக்காளியோ கத்தரியோ வைத்துவிடாதீர்கள், அவற்றையும் அது தாக்கும்.

மழை பெய்த கையோடு அறுக்க நேர்ந்தால் பழத்தை நிழலில் மூன்று நான்கு நாள் வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். உள்ளே இருக்கும் நோய் அதற்குள் வெளியே வந்துவிடும். விலை இறங்கிவிடும் என்ற பயம் புரிகிறது. ஆனால் லோடு முழுவதும் திரும்பினால் வாடகையும் உங்கள் தலையில்தான்.

வெள்ளை மாவுக்குப் பதிலாக, வட்டமான குழிகளில் இளஞ்சிவப்புப் பிசின் போல் தெரிந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சாண நோய். விதையிலும் பழைய கொடியிலும் தங்கும். அந்த நிலத்தில் மூன்று ஆண்டுக்கு வெள்ளரி, பூசணிக் குடும்பப் பயிர் எதுவும் வேண்டாம்.

லாரி ஏற்றும் குழுவின் மேஸ்திரி: எந்த நேரத்தில் அறுத்து ஏற்றுவது நல்லது?

விடியற்காலையில் பழம் தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், லேசாக இடித்தாலே விரியும். பனி உலர்ந்தபின் அறுங்கள். அறுத்ததை வெயிலில் குவிக்காமல் நிழலுக்குக் கொண்டுபோங்கள். லாரித் தளத்திலும் பக்கங்களிலும் வைக்கோல் வேண்டும், காற்றுப் போக வழி வேண்டும். பழத்தைக் கைக்குக் கை கொடுங்கள். வீசிப் பிடிப்பது பார்க்க அழகுதான், ஆனால் ஒன்று தவறினாலும் உள்ளே சதை உடையும், வெளியே தெரியாது. பழத்தின் மேல் ஏறி நின்று அடுக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கோவை, பழக்கடை: குளிர் அறையில் வைத்தேன், தோலில் குழி குழியாக விழுந்தது. இதுவும் பூஞ்சாணமா?

இல்லை, குளிர் தாக்கியது. 10 டிகிரிக்குக் கீழே போனால் அப்படித்தான். அந்தக் குழிகளில் பிறகு பூஞ்சாணம் குடியேறும் என்பது வேறு. 10 முதல் 15 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். பழுக்கும் வாழைப்பழத்தோடு ஒரே அறையில் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு தர்பூசணிச் சதையைக் குழைத்துவிடும்.

சென்னை, இல்லத்தரசி: அழுகிய பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? முழுப்பழத்திலிருந்து நுரை வந்தால்?

இரண்டையும் எறிந்துவிடுங்கள். தண்ணீர் மிகுந்த சதையில் பூஞ்சாண இழை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. நுரை வருவது, உள்ளே பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ புகுந்து புளிக்க வைத்ததால். நல்ல பழமானாலும் வெட்டிய துண்டுகளை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வந்தவாசி: கழித்த பழங்களை வரப்போரம் கொட்டுகிறோம், மாடு தின்றுவிடுகிறது. பரவாயில்லையா?

பூஞ்சாணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாதீர்கள். வரப்பில் கொட்டினால் அடுத்த பட்டத்துக்கான நோயை நீங்களே விதைக்கிறீர்கள். பாசன வாய்க்காலுக்கு எட்டாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள், காய்ந்த கொடியையும் சேர்த்து.