பழ டார்ட்டின் அடி நமுத்துப் போவது ஏன்?

கேள்வி: மகள் பொறந்த நாளுக்குப் பழ டார்ட் செஞ்சனுங்க. ஊத்துக்குளி வெண்ணெய், முட்டை கஸ்டர்ட் கிரீம், மேல அன்னாசி, மாம்பழம். காலைல செஞ்சு வெச்சது, சாயங்காலம் வெட்டறப்ப அடி நமுத்து, கிரீம் தண்ணியா ஓடுது. எங்க தப்புங்க?
– வாசகி, பெருந்துறை

பதில்: வெண்ணெயில் தொடங்குவோம். ஊத்துக்குளி வெண்ணெயின் மணம் டார்ட்டுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் வெள்ளை வெண்ணெயில் மோரும் நீரும் தங்கியிருக்கும். அந்த ஈரத்தில் மைதா இழுவை கண்டு, டார்ட்டின் ஓடு (கிரீமைத் தாங்கும் மாவுக் கிண்ணம்) உதிராமல் இறுகிவிடும். ஐஸ் தண்ணீரில் பிசைந்து மோரை எடுத்து, துணியில் ஒற்றி, பிரிட்ஜில் கெட்டியான பிறகு எடை போடுங்கள்.

9 அங்குலத் தட்டுக்கு மைதா 200 கிராம், வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 60, சிட்டிகை உப்பு. விரல் நுனியால் உதிர்த்து, ஒரு மஞ்சள் கரு சேர்த்துத் திரட்டினால் போதும், பிசைய வேண்டாம். அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துத் தேய்த்து, தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்துங்கள். மேலே பேக்கிங் தாள் விரித்துக் கொண்டைக்கடலை நிரப்பி, 180 டிகிரியில் 15 நிமிடம். கடலையை எடுத்துவிட்டு, அடி பொன்னிறமாகும் வரை இன்னொரு 12 நிமிடம். வெளுத்த அடிதான் முதலில் நமுக்கும். ஆறியதும் உள்ளே உருக்கிய வெள்ளை சாக்லேட்டை மெல்லிசாகப் பூசிவிட்டால் கிரீமின் ஈரம் ஓட்டில் இறங்காது.

கிரீமுக்கு அரை லிட்டர் பால், 4 மஞ்சள் கரு, சர்க்கரை 100 கிராம், கார்ன்ஃப்ளவர் 40, வெண்ணெய் 30. கருவையும் சர்க்கரையையும் மாவையும் அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, மறுபடி அடுப்பேற்றுங்கள். கெட்டியானதுமே இறக்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு. மஞ்சள் கருவில் உள்ள அமிலேஸ் நொதி போதிய சூடு படாவிட்டால் அழியாது. சில மணி நேரத்தில் மாவுச்சத்தைக் கரைத்து கிரீமை நீர்க்க வைத்துவிடும். நடுவில் பளக் பளக்கென்று கொப்புளம் வெடிக்கத் தொடங்கியபின், கை விடாமல் கிளறி ஒன்றரை நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி வெண்ணெயைக் கலந்து, ஆடை படியாதபடி மேலே ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாள் மூடி ஆற வையுங்கள். முட்டை சேர்க்காத வீட்டில் கிரீமுக்குக் கருவுக்கும் கார்ன்ஃப்ளவருக்கும் பதில் 50 கிராம் கஸ்டர்ட் பவுடர் போதும். ஓட்டுக்குக் கருவுக்குப் பதில் 2 ஸ்பூன் குளிர்ந்த பால்.

வேகவைக்காத பச்சை அன்னாசியைக் கிரீம் மேல் வைக்கவே வைக்காதீர்கள். அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைத்து, கிரீமை இளக்கிக் கசக்கவும் வைக்கும். சர்க்கரைப் பாகில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக வடித்துப் போடுங்கள். கிவி, பப்பாளியும் பச்சையாக வேண்டாம். மாம்பழம் கனிந்து குழையாமல் கெட்டியாக இருக்கட்டும். சேலத்து மல்கோவா சாறு மிகுந்தது, துண்டுகளைத் துணியில் ஒற்றி அடுக்குங்கள். மாதுளை, விதையில்லாத திராட்சை இரண்டும் சிக்கலே தராது.

ஓடு, கிரீம் இரண்டையும் முந்தின நாளே செய்யலாம். ஓட்டைக் காற்றுப் புகாத டப்பாவிலும் கிரீமைப் பிரிட்ஜிலும் வைத்து, பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிரப்பிப் பழம் அடுக்குங்கள். 2 ஸ்பூன் ஆப்ரிகாட் ஜாமை ஒரு ஸ்பூன் நீரில் சூடாக்கி வடிகட்டிப் பழத்தின் மேல் தடவினால், வெட்டும் வரை வாடாது.